ஓரிரு இடங்களில் லேசான பனிப்பொழிவு: காஷ்மீர் குளிர்கால நாட்குறிப்பு

வியாழன் இரவு, ஸ்ரீநகர்

சில்லாய் கலானுக்குள் வந்து சேர்ந்துவிட்டோம். டிசம்பர் 21-ல் தொடங்கி ஜனவரி கடைசி வரை நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிருக்குக் காஷ்மீரில் அதுதான் பெயர். அது முடிந்ததும் சில்லாய் குர்த் இருபது நாள், அப்புறம் சில்லாய் பச்சா பத்து நாள் என்று குளிர் படிப்படியாக இறங்கும். நம் ஊரில் அக்னி நட்சத்திரத்துக்குக் கணக்கு வைத்திருப்பதுபோல இங்கே குளிருக்கு வைத்திருக்கிறார்கள்.

கூட வந்திருப்பவர் என் மாமா. திருவாரூர் பக்கம் நெல் விவசாயம். எழுபதை நெருங்குகிறார். பொங்கல் முடிந்த கையோடு சம்பா அறுவடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார். பனியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

காலையில் கட்ராவில் வந்தே பாரத் ஏறினோம். 2025 ஜூனில்தான் இந்த வண்டி ஓட ஆரம்பித்தது. அதற்கு முன் குளிர்காலத்தில் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் போகும் நெடுஞ்சாலை நிலச்சரிவாலோ பனியாலோ அடைபட்டால், லாரிகளோடு லாரியாக நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது சுமார் மூன்று மணி நேரம்தான். ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தை வண்டி கடந்தபோது பெட்டியே எழுந்து நின்று பார்த்தது. மாமா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் கீழே ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பானிஹாலுக்கும் காசிகுண்டுக்கும் நடுவே பீர் பாஞ்சால் மலையைக் குடைந்து 11 கிலோமீட்டர் சுரங்கம் போகிறது. அந்தப் பக்கம் வெளியே வந்தால் எல்லாம் வெள்ளைவெளேரென்று இருக்கும் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருந்தேன். வெளியே வந்தோம். வயலெல்லாம் காய்ந்த மண் நிறம். பாப்லர் மரங்கள் மொட்டையாக நின்றன. தூரத்து உச்சிகளில் மட்டும் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது.

"என்ன மாப்ளே, இங்கயும் மழ ஏமாத்திடுச்சா?" என்றார்.

விடுதிக்கு வந்ததும் ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிக்கையைப் பார்த்தேன். நாளையும் மறுநாளும் வறண்ட வானிலை. ஞாயிறு மாலையிலிருந்து திங்கள் காலை வரை சமவெளியில் ஓரிரு இடங்களில் லேசான மழை அல்லது பனிப்பொழிவு, உயரமான பகுதிகளில் ஒருசில இடங்களில் லேசானது முதல் மிதமான பனிப்பொழிவு. மழைக்காலத்தில் சென்னை வானிலை மையம் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிப்போன அதே சொற்கள்தான். மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் போகாவிட்டால் 'ஓரிரு இடங்கள்', அதைத் தாண்டினால் 'ஒருசில இடங்கள்'. ஒரு நாளில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை விழுந்தால் 'லேசானது'. பனியையும் உருக்கித் தண்ணீராக்கித்தான் அளப்பார்கள்.

நகருக்குள் விழுமா என்று விடுதிக்காரரைக் கேட்டேன். "துவா கீஜியே, ஜனாப்", வேண்டிக்கொள்ளுங்கள் ஐயா, என்று கையை விரித்தார். எங்கள் படங்களுக்காக அவர் வேண்டிக்கொள்ளச் சொல்லவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வெள்ளி இரவு, ஸ்ரீநகர்

காலையில் குழாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை. விடுதிப் பையன் ஒரு கெட்டிலோடு வந்து, வெளிச்சுவரில் போகும் குழாயின் மேல் துணியைச் சுற்றி, அதன்மீது வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். பத்து நிமிடம் கழித்து உள்ளே ஏதோ களுக்கென்றது. முதலில் பனிக்கட்டித் துணுக்குகள் விழுந்தன, பிறகு தண்ணீர் வந்தது. பழகிய வீடுகளில் இரவில் ஒரு குழாயைச் சொட்டவிட்டே தூங்குவார்களாம். நீர் ஓடிக்கொண்டிருந்தால் உறைவது கடினம்.

இரவு வெப்பநிலை மைனஸ் 5-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. ஜனவரியில் ஸ்ரீநகரின் வழக்கமான குறைந்தபட்சம் மைனஸ் 2 வாக்கில் இருக்கும். இந்த ஊர் பார்த்த குளிரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. 1893 ஜனவரியில் மைனஸ் 14.4 பதிவாகியிருக்கிறது. அண்மைக் காலத்தில் 2021 ஜனவரியில் மைனஸ் 8.8. 2024 டிசம்பரில் சில்லாய் கலான் பிறந்த வேளையில் மைனஸ் 8.5 வரை போனது. ஐம்பது ஆண்டுகளில் அப்படியொரு டிசம்பர் இரவு இல்லை என்றார்கள்.

டால் ஏரிக்கரைக்கு நடந்தோம். ஓரங்களில் கண்ணாடிபோல ஒரு படலம் உறைந்திருந்தது. ஷிகாரா ஓட்டுபவர் துடுப்பால் தட்டித் தட்டி அதை உடைத்து வழி செய்துகொண்டிருந்தார். உடைந்த துண்டு ஒன்றை எடுத்து மாமாவிடம் நீட்டினார். அரை விரல் தடிமன் இருக்கும். உள்ளே ஒரு சினார் இலையின் காம்பு சிக்கியிருந்தது. மாமா அதைக் கை மரத்துப்போகும் வரை வைத்திருந்தார்.

வானம் துல்லியமான நீலம். வெயிலும் அடித்தது. வெயில் அடிக்கும்போது எப்படி இத்தனை குளிர் என்று மாமாவுக்குக் குழப்பம். இரவில் மேகம் இல்லையென்றால், பகலில் தரை வாங்கிய சூடெல்லாம் தடையில்லாமல் மேலே போய்விடும். இந்தப் பள்ளத்தாக்கு நாலா பக்கமும் மலை சூழ்ந்தது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவுகளில் வழிந்து வந்து அடியில் தேங்கிவிடும். அதனால் நட்சத்திரம் நன்றாகத் தெரியும் இரவுதான் கடும் இரவு. மேகம் மூடினால் குளிர் குறையும். இங்கே சிறு பிள்ளைக்கும் இது தெரியும். காலையில் கன்னம் வலிக்கவில்லையா, பனி வரப்போகிறது என்று அர்த்தம்.

ஆலி கதல் பக்கம் ஹரிஸா சாப்பிடப் போனோம். ஆட்டிறைச்சியை அரிசியும் சோம்பும் ஏலமும் சேர்த்து இரவு முழுக்க அடுப்பில் புதைத்த பானையில் வேகவிட்டு, எலும்பு பிரித்து, மசியக் கடைந்து வைக்கிறார்கள். தட்டில் வைத்ததும் மேலே புகையப் புகைய எண்ணெய் ஊற்றினார்கள். கூடவே கிர்தா ரொட்டி. காலை ஒன்பது மணிக்கெல்லாம் பானை காலி. ஒரு தட்டுக்கு மதியம் வரை பசி எட்டிப் பார்க்கவில்லை.

மாமா அந்தக் கடையிலேயே ஒரு காங்ரியை வாங்கிப் பார்த்தார். உள்ளே மண்சட்டி, வெளியே பிரம்புபோலப் பின்னிய குச்சிக்கூடு, அதில் ஒரு பிடி. சட்டியில் கரித்தணல், மேலே சாம்பல் மூடி. கிளற ஒரு சின்னக் கரண்டி தொங்குகிறது. இலையுதிர் காலத்தில் விழும் சினார் இலைகளைக்கூடக் கூட்டிக் கருக்கிக் கரியாக்கி வைத்துக்கொள்கிறார்கள். ஃபெரன் அங்கிக்குள் ஒரு கையை மறைத்து, அந்தக் கையில் காங்ரியைப் பிடித்துக்கொண்டே கடைக்காரர் இன்னொரு கையால் சில்லறை எண்ணினார்.

வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அறையில் கரி அடுப்போ காங்ரியோ எரிவாயு ஹீட்டரோ வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலை இறுக மூடித் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஒவ்வொரு குளிர்காலமும் இந்தப் பள்ளத்தாக்கில் இதனால் உயிர் போகிறது. படுக்கும்முன் அணைத்துவிடுங்கள். ரஜாய் என்ற கனமான பஞ்சுப் போர்வை போதும்.

சனி இரவு, ஸ்ரீநகர்

இன்று ஷோபியான் பக்கம் ஓர் ஆப்பிள் தோட்டம். ஓட்டுநருக்கு உறவினருடைய தோட்டம் அது. சுற்றுலாப் பட்டியலில் இல்லாத இடம். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இன்றைக்குத்தான் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

தோட்டக்காரர் ஏணி போட்டுக் கிளை கழித்துக்கொண்டிருந்தார். எங்களை உள்ளே அழைத்து நூன் சாய் கொடுத்தார். இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புத் தேநீர். முதல் வாய் திகைக்க வைத்தது, மூன்றாவது கோப்பையை நானே கேட்டு வாங்கினேன். சுவரில் காய்ந்த சுரைக்காய், கத்தரிக்காய் மாலைகள் தொங்கின. கோடையில் நறுக்கி வெயிலில் காயவைத்ததாம். ஹோக் ஸ்யூன் என்கிறார்கள். சாலை அடைபட்டுக் கிடந்த காலத்தில் குடும்பங்களை மாதக்கணக்கில் காப்பாற்றியது இதுதான்.

மாமாவும் அவரும் பேச ஆரம்பித்தார்கள். நடுவில் ஓட்டுநரும் நானும் மொழிபெயர்ப்பு. பத்து நிமிடத்தில் நாங்கள் இருவரும் தேவைப்படவில்லை, கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

ஆப்பிள் மரத்துக்குக் குளிர் வேண்டும். ஏழு டிகிரிக்குக் கீழே சுமார் ஆயிரம் மணி நேரம் இருந்தால்தான் மொட்டு ஒழுங்காகக் கண்விழிக்கும். குளிர் பற்றாமல் பிப்ரவரியிலேயே வெயில் ஏறிவிட்டால் மரம் ஏமாந்துபோய்ச் சீக்கிரம் பூத்துவிடும். அப்புறம் மார்ச்சிலும் ஏப்ரலிலும் உறைபனியோ ஆலங்கட்டியோ வந்தால் பூவெல்லாம் போச்சு. ஆகவே குளிர் அவர்களுக்குக் கஷ்டம் கிடையாது. குளிர் இருந்தும் பனி விழாமல் போவதுதான் கஷ்டம்.

தென்மேற்குப் பருவமழையை பீர் பாஞ்சால் பெருமளவு மறித்துவிடுகிறது. பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தருவதில் பெரும்பங்கு குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும்தான். அதிலும் இந்த நாற்பது நாளில் விழும் பனிக்குத்தான் மதிப்பு. அப்போதைய குளிரில் அது இறுகி, அடுக்கடுக்காக உறைந்து, மலையில் தங்கிவிடும். மே, ஜூனில் மெல்ல உருகி ஓடைகளுக்கும் ஊற்றுகளுக்கும் வரும். பிப்ரவரி கடைசியில் எவ்வளவு கொட்டினாலும் சில வாரத்தில் உருகி ஓடிவிடும்.

2024 ஜனவரியை அவர் மறக்கவில்லை. குல்மார்கே பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்த மாதம் அது. ஜனவரி கடைசியில்தான் வானம் இரங்கியது. குளிர்கால விளையாட்டுப் போட்டியையே தள்ளிவைத்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் முகலாயர் காலத்துத் தோட்டம் இருக்கும் அச்சபலில் ஊற்று வறண்டுபோனது. அந்த ஊற்றை நம்பிக் குடிதண்ணீர் எடுத்த கிராமங்கள் தவித்தன.

மாமா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஜூன் பன்னெண்டாம் தேதி மேட்டூர் தெறந்தாதான் எங்களுக்குக் குறுவைன்னு சொல்லு மாப்ளே" என்றார். சொன்னேன். தோட்டக்காரர் தலையசைத்து, ஜன்னல் வழியாகப் பீர் பாஞ்சாலைக் காட்டி ஏதோ சொன்னார். எங்கள் அணை அதுதான் என்கிறார் என்று ஓட்டுநர் விளக்கினார்.

இங்கேயும் நெல் உண்டு என்பது மாமாவுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஜூனில் நடவு. கோகர்நாக் பக்கம் சாகமில் விளையும் முஷ்க் புட்ஜி என்ற வாசனை அரிசி 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. ஒரு கைப்பிடி கொடுத்தார்கள். குண்டு குண்டான மணிகள். மாமா முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது அறிக்கை மாறியிருந்தது. 'ஓரிரு இடங்கள்' இப்போது சமவெளிக்கும் 'ஒருசில இடங்கள்' ஆகியிருக்கிறது.

ஞாயிறு இரவு, ஸ்ரீநகர்

காலையில் எழுந்ததும் வித்தியாசம் தெரிந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. கன்னம் வலிக்கவில்லை. வானம் முழுக்கச் சாம்பல் நிறம், ஜபர்வான் மலை பாதிக்கு மேல் காணவில்லை.

வருவது மேற்கத்திய இடையூறு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் வேகக் காற்றோட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் தாண்டி இமயமலையில் வந்து மோதும் அமைப்பு. குளிர்காலத்தில் மாதத்துக்கு நாலைந்து வரும். எல்லாமே ஈரத்தோடு வருவதில்லை. சில வடக்கே நழுவிவிடும், சில வெறும் மேகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். நமக்கு வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் எப்படியோ இவர்களுக்கு இது அப்படி.

பகல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. லால் சௌக்கில் கடைக்காரர்கள் வானத்தைப் பார்ப்பதும் செல்பேசியைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு இங்கே வருவோர் கூட்டம் சரிந்துபோனது. நல்ல பனி விழுந்தால் ஆட்கள் வருவார்கள் என்று சால்வைக் கடைப் பெரியவர் சொன்னார். அவருக்கு அது ஒரு நம்பிக்கை. ஷோபியான்காரருக்கு வேறொன்று. ஒரே மேகத்தைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரவு எட்டரை வாக்கில் தூறல் தொடங்கியது. தகரக் கூரையில் சத்தம் கேட்டது. மழையாகவே போய்விடுமோ என்று எனக்குக் கவலை. ஸ்ரீநகர் 1,585 மீட்டர்தான், பூஜ்ஜியத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே இருந்தாலே மழையாகிவிடும். பத்து மணிக்குக் கூரைச் சத்தம் நின்றது. மழை நின்றுவிட்டது என்று நினைத்துப் படுக்கப் போனேன். விடுதிப் பையன் கதவைத் தட்டி, "ஷீன்! ஷீன்!" என்றான்.

ஷீன் என்றால் பனி. அது விழுந்தால் சத்தமே கேட்காது. மாமா குல்லாய்கூடப் போடாமல் முற்றத்தில் நிற்கிறார். உள்ளே கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், வரமாட்டேன் என்கிறார். போய் நிற்கிறேன், மீதி நாளைக்கு.

திங்கள் இரவு, ஸ்ரீநகர்

காலை எட்டரைக்கு மாமா ஸ்கேல் கேட்டார். வானிலை நிலையங்களில் அந்த நேரத்தில்தான் அளப்பார்கள் என்று நேற்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். முற்றத்தில் யாரும் மிதிக்காத மூலையில் வைத்து அளந்தோம். ஐந்து சென்டிமீட்டர் இருந்தது.

அப்புறம் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பனியை அமுக்காமல் விளிம்பு வரை நிரப்பி, அறையில் எரியும் புகாரி அடுப்பின் மேல் வைத்தார். வெள்ளை மெல்லச் சரிந்தது, சாம்பலானது, கண்ணாடியானது, கடைசியில் அடியில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. புதுப் பனியில் பத்தில் ஒரு பங்குதான் நீர், மீதி காற்று. முற்றத்தில் கிடக்கும் ஐந்து சென்டிமீட்டர், மழைக்கணக்கில் சுமார் ஐந்து மில்லிமீட்டர். அறிக்கை சொன்ன 'லேசானது'க்குள் சரியாக உட்கார்கிறது.

"அஞ்சு மில்லின்னா ஏக்கருக்கு இருபதாயிரம் லிட்டர், மாப்ளே" என்றார். செல்பேசியில் போட்டுப் பார்த்தேன். இருபதாயிரத்துச் சொச்சம் வந்தது. வயலில் நின்றே வளர்ந்த மூளை அது.

தெருவில் ஒரே ஆரவாரம். ஆண்கள் மரத் துடுப்புபோன்ற பலகையால் கூரையிலிருந்து பனியைத் தள்ளிவிட, பிள்ளைகள் கீழே நின்று அதை வாங்கிக்கொண்டார்கள். எதிர்ப்படும் எல்லோரும் "ஷீன் முபாரக்" என்றார்கள். பருவத்தின் முதல் பனியன்று இங்கே ஒரு விளையாட்டு உண்டு. எதையாவது பொட்டலமாகக் கட்டி, உள்ளே கொஞ்சம் பனியை ஒளித்து, வேண்டியவர் கையில் கொடுத்துவிடுவார்கள். தெரியாமல் வாங்கியவர் விருந்து வைக்க வேண்டும். நகரில் இந்தப் பருவத்துக்கு இதுதான் முதல் பனி. விடுதிக்காரர் அவர் மைத்துனரிடம் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். எங்களுக்கும் அழைப்பு வந்துவிட்டது.

மதியம் குல்மார்க். தங்மார்க் வரைதான் எங்கள் வண்டி போனது. அங்கிருந்து சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய ஜீப், பதின்மூன்று கிலோமீட்டர் ஏற்றம். 2,650 மீட்டரில் இருக்கும் குல்மார்க்கில் விழுந்தது வேறு பனி. நகரில் விழுந்தது ஈரமாகக் கையில் ஒட்டியது. இங்கே மாவு. ஊதினால் பறக்கிறது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை இறங்கியது கால். கேபிள் காரில் கோங்தூரி வரை, ஏறத்தாழ 3,080 மீட்டருக்கு ஏறினோம். அஃபர்வத் போகும் இரண்டாம் கட்டம் காற்று வேகத்தால் நிறுத்தப்பட்டிருந்தது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. புதுப் பனி விழுந்த மறுநாள் உயரச் சரிவுகளில் பனிச்சரிவு எச்சரிக்கை இருக்கும். தடுப்புக் கயிற்றைத் தாண்டி யாரும் படமெடுக்கப் போகாதீர்கள்.

செவ்வாய் மாலை, ஸ்ரீநகர்

மேகம் விலகிவிட்டது. வெள்ளைத் தரை, தெளிந்த வானம் இரண்டும் சேர்ந்தால் இரவுக் குளிர் ஏறத்தான் செய்யும். மைனஸ் 6 வரை போகலாம் என்கிறார்கள். நேற்று மதியம் உருகி ஓடிய நீரெல்லாம் இன்று காலை சாலையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் தகடாகக் கிடந்தது. உள்ளூர்க்காரர்கள் பாதம் முழுவதையும் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன அடியாக நடக்கிறார்கள். நாங்களும் அப்படியே நடந்து பழகிக்கொண்டோம். கூரை விளிம்புகளில் முழ நீளத்துக்குப் பனிக்கட்டி ஈட்டிகள். அவற்றின் அடியில் நிற்காதீர்கள் என்று ஒரு பாட்டி கையைப் பிடித்து இழுத்து எச்சரித்தார்.

ஷோபியானிலிருந்து பூஞ்ச் போகும் முகல் ரோடு வழக்கம்போல மூடல். சோனமார்க் போகும் வழியில் 6.5 கிலோமீட்டர் சுரங்கம் 2025 ஜனவரியில் திறந்த பிறகு குளிர்காலத்திலும் போக முடிகிறது. அதற்கு மேல் ஜோஜிலா கணவாய்க்கான சுரங்க வேலை நடந்துகொண்டிருக்கிறது. எங்களுக்கு இந்த முறை நேரமில்லை. நாளைக் காலை, ஸ்ரீநகர் ரயில் நிலையம் இருக்கும் நௌகாமில் ரயில்.

மாமா ஷோபியானுக்குப் போன் போடச் சொன்னார். தோட்டத்தில் நாலு அங்குலம், மேலே மலையில் ஒரு அடிக்கு மேல் என்றார் தோட்டக்காரர். குரலில் மகிழ்ச்சி இருந்தது, நிம்மதி இல்லை. நாற்பது நாள் முடிவதற்குள் இதுபோல இன்னும் இரண்டு மூன்று வந்தால்தான் ஜூன் மாதம் ஓடையில் தண்ணீர் நிற்கும் என்றார். வெள்ளிக்கிழமை வாக்கில் இன்னொரு மேற்கத்திய இடையூறு வருவதாக மாலை அறிக்கை சொல்கிறது: ஓரிரு இடங்களில் லேசான பனிப்பொழிவு.

நாங்கள் அப்போது ஊரில் இருப்போம். எத்தனை அங்குலம் விழுந்தது என்று சனிக்கிழமை கட்டாயம் சொல்ல வேண்டும் என்று மாமா அவரிடம் கேட்டுக்கொண்டார். மேட்டூர் நீர்மட்டத்தை மாதாமாதம் தான் அனுப்புவதாகவும் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.